அளவுக்கு ஓர் ஆள்

முசியே ரெனே எங்கள் வீட்டுச் சுவரில் டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தார். மீன் கூடையை அப்படியே மணலில் இறக்கினேன். மாடி அறைக்கு வாடகைக்கு வந்த பிரெஞ்சுக்காரருக்கு என் சுவரின் நீளம் எதற்கு? போன வருஷம் எங்கள் வைத்திக்குப்பத்துக்கு இதே மாதிரி டேப்போடு வந்தவர்கள் சிரித்துப் பேசினார்கள், டீகூடக் குடித்தார்கள். அதற்கப்புறம் எங்கள் வலைக்கொட்டகை இருந்த இடத்தில் கம்பி வேலி. அடுத்தது கடலோர வீடுகள்தான் என்று ஊரே பேசிக்கொள்கிறது. எங்களுடையது கடைசி வீடு. அதற்கப்பால் கருங்கல்லும் கடலும்தான்.

என் புருஷன் பக்கிரிக்கு யார் மேலும் சந்தேகமே வராது. "அவரு படம் போடுறவரு சுலோ. ஏன் சும்மா கத்துற?"

"பூவ வரையட்டும், படக வரையட்டும். என் செவுத்த ஏன் அளக்குறாரு?"

மாடிக்கே ஏறிப் போய்க் கேட்டுவிட்டேன். மனுஷர் கோபப்படவில்லை. பெரிய பெரிய தாள்களை விரித்துக் காட்டினார். இள வயதிலிருந்து மெக்சிகோ காடுகளில் அலைந்து வரைந்தவையாம். மாயா ஜனங்கள் எந்தக் காலத்திலோ கட்டிய கோயில்கள். படிக்கட்டைப் பிளந்துகொண்டு மரம், கல் முகத்தின் வாய்க்குள் வேர். சும்மா சொல்லக் கூடாது, தொட்டால் பாசி வழுக்கும் போலிருந்தது. எல்லாப் படத்திலும் ஓரமாக ஓர் ஒல்லி ஆள் நின்றான்.

"யாரு முசியே இது?"

"சும்மா, அளவுக்கு. ஆள் நின்னாதான் செவுரு எவ்ளோ பெருசுன்னு தெரியும்."

"கட்டுன ஜனங்க எங்க போனாங்க?"

"எங்கயும் போகல. பக்கத்துலயே சோளம் போடுறாங்க."

"அப்ப கோயிலு?"

"டிக்கெட் வாங்கிட்டு உள்ள போய்ப் பாப்பாங்க."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கட்டியவர்களுக்கே டிக்கெட்டா! அடுத்த தாளில் எங்கள் வீடு இருந்தது. காரை பெயர்ந்த இடம், உப்பு தின்ற ஜன்னல் கம்பி, மாடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று, எல்லாம் அப்படியே. அந்தக் கன்றைப் பிடுங்கச் சொல்லி இந்தப் பக்கிரியிடம் எத்தனை தடவை கத்தியிருப்பேன்! வாசலோரம் மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்.

"இடிஞ்சதத்தான நீங்க வரையறது? எங்க வூட்ட எதுக்கு? யாரு அனுப்புனா?"

"யாரும் அனுப்பல" என்றார். டீ குடித்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். பிறகு ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தபடி கேட்டார். "காலைல வாசல்ல கொஞ்சம் நிக்கிறீங்களா?"

விடிந்ததும் முதல் வேலையாக அரசங்கன்றை வேரோடு பிடுங்கிக் கடலில் எறிந்தேன். முசியே எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததும், வாசலில் அரிவாள்மனையைப் போட்டு நானும் உட்கார்ந்தேன்.

"நிக்கணும் சுலோசனா. உக்காந்தா அளவு தப்பாப் போயிடும்."

"போவட்டும்."

சங்கரா மீனைக் கையில் எடுத்தேன். அவர் ஒரு கண்ணை மூடி, பென்சிலை நீட்டிப் பிடித்து, என்னையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் செதில் உரித்துக்கொண்டே அவரைப் பார்த்தேன். செதில்கள் தெறித்து அவர் தாள் வரைக்கும் போய் விழுந்தன.