பட்டிக்குப் போன கதவு

வேலிக்கு ஒரு ஆணிகூட வாங்கவில்லை என்று தம்பிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. யாரோ தூக்கிப் போட்ட இரும்புக் கட்டில் சட்டங்கள், இடித்த பள்ளிக்கூடத்து ஜன்னல் கம்பிகள், தேர்தலில் தோற்றவன் ஒருவன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும் தகரப் பலகை. எல்லாம் சேர்ந்து ஆளுயர ஆட்டுப்பட்டியாக நின்றன. கோணல் ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தது அக்கா. புருஷன் போனபின் தம்பி வீட்டுப் பின்பக்க அறையில் ஒதுங்கியவள்.

"வாசலுக்குத்தான் ஒண்ணும் அமையல," என்றான் தம்பி.

"உங்க அக்கா ரூம் கதவு இருக்கே," என்றாள் அவன் மனைவி, உப்பை எடுத்துத் தரச் சொல்வதுபோல.

அக்கா சுத்தியலைக் கீழே வைத்தாள். "அது நான் படுக்கிற ரூம்டா."

"படு. யார் வேணாம்னா? கதவைத்தானே கேட்கிறோம்."

"துணி மாத்தணும். ராத்திரி பயமா இருக்கும்."

"ஆட்டைத் தூக்கிட்டுப் போக ஆள் இருக்கு. உன்னைத் தூக்கிட்டுப் போக எவன்க்கா வரப் போறான்?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "வந்தாலும் விடிஞ்சதும் கொண்டாந்து விட்டுருவான்."

அக்காவும் சிரித்து வைத்தாள். சோறு போடுகிறவர்கள் நக்கலடித்தால் வேறென்ன செய்வது? அந்த வீட்டில் அவள் பேச்சு எடுபட்ட ஒரே இடம் அந்தக் கதவின் தாழ்ப்பாள்தான். அதைப் போட்டால் உள்ளே எவரும் வர முடியாது. கீலைக் கழற்றும்போது கதவைத் தாங்கிப் பிடித்ததும் அவள்தான்.

மாட்டி முடித்து, ஆடுகளை உள்ளே விட்டுப் பார்த்தால், தாழ்ப்பாள் பட்டியின் உள்பக்கம்.

"ஏங்க, ஆடே தாழ் போட்டுக்கிட்டுத் தூங்குமா?"

தம்பி முகம் சுண்டிப்போனது. திருப்புளி எடுக்க வீட்டுக்குள் போனான். மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா ஆடுகளை ஒதுக்கிவிட்டு உள்ளே நுழைந்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

திரும்பி வந்தவன் தட்டினான். "அக்கா, திற."

"என் ரூம்லயே மாட்டறேன்னு சொல்லு. திறக்கிறேன்."

தட்டுவது நின்றது. இறங்கி வருகிறான் என்று நினைத்தாள்.

"எதுக்குங்க கெஞ்சறீங்க?" என்றாள் மனைவி. "நமக்கும் தீவனம் அடுக்க ஒரு ரூம் வேணுமில்ல."

அப்புறம் குறடு முறுக்கும் சத்தம் கேட்டது. தம்பி வெளியிலிருந்து கட்டுக்கம்பியால் கதவைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தான். அக்கா அவசரமாகத் தாழை நீக்கித் தள்ளினாள். கதவு அசையவில்லை.

"டேய், திறந்துட்டேன்டா."

"கெட்டியா இருக்கு," என்றான் அவன், மனைவியிடம். "தாழ்ப்பாளே வேண்டாம். சாயங்காலம் தழை போடறப்ப அவிழ்த்துக்கலாம்."

"பாவம்ங்க."

"யாரு?"

"ஆடுங்கதான். இடம் பத்தாதே."