குமிழி வராத கரித்தூள்

குமிழி வரவில்லை. காலையிலிருந்து பீக்கரையே முறைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அதைத் தூக்கிச் சுவரில் அடித்தால் என்ன என்றிருந்தது.

விஷயம் இதுதான். முனைவர் பட்டத்துக்காக அவள் ஒரு நானோ கரித்தூள் செய்திருந்தாள். ஹைட்ரஜனைப் பிடித்து வைத்திருக்கும் கரைசலில் அதை ஒரு சிட்டிகை தூவினால் போதும், வாயு குமிழி குமிழியாகப் பொங்கி வெளியே வரும். ஊரெல்லாம் அந்த வேலைக்குப் பிளாட்டினத்தைக் கொட்டி அழுதுகொண்டிருக்க, இவளுடையது உலோகமே இல்லாத வெறும் கரி! கட்டுரை வெளிவந்தது. பேராசிரியர் மேடை மேடையாகப் பேசினார். அவளுடைய பட்டமே அந்த ஒரு கட்டுரையைத்தான் நம்பியிருந்தது.

அதோடு சரி. தூள் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்துவிட்டது. மற்ற ஆய்வகங்களிலிருந்து 'எங்களுக்கு வரவில்லையே' என்று கேட்டு எழுதினார்கள். அவளுக்கே வரவில்லை என்பதை எந்த வாயால் சொல்வது?

"தூள்ல ஒண்ணும் தப்பு இல்லம்மா. உன் கையிலதான் ஏதோ கோளாறு. சுத்தமா பண்ணு" என்றார் பேராசிரியர்.

சுத்தமாம்! ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே 'சோப்பு'. கட்டுரை வந்த கையோடு அவள் செய்த முதல் காரியம், முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன பழைய சாமான்களை மொத்தமாகத் தூக்கி எறிந்ததுதான். எல்லாம் புதுசு: பீக்கர்கள், கரைசலைக் கலக்குவதற்காக உள்ளே போட்டுச் சுழலவிடும் குட்டிக் காந்தங்கள். வெள்ளையாக, வழவழவென்று இருக்கும் அந்தக் காந்தத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'மாத்திரை'. இதற்கு மேல் எதைக் கழுவுவது? தன்னைத்தான் அமிலத்தில் முக்கி எடுக்க வேண்டும்.

வீட்டில் கணவன் வேறு. "அந்தக் கரியை அடுப்புல போட்டா சோறாவது வேகும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

அன்று மதியம் அவளுடைய மாத்திரைகள் எல்லாம் அமிலத்தில் ஊறிக்கொண்டிருந்தன. பொறுமை இல்லை. பக்கத்து ஆய்வகத்துச் சீனியர் அக்காவின் மேசையிலிருந்து ஒன்றை, சொல்லிவிட்டுத்தான், எடுத்து வந்தாள். கீறலும் கறுப்புமாக இருந்ததைப் பார்த்து முகம் சுளித்தாள். சனியன், போகட்டும் என்று உள்ளே போட்டு, தூளைத் தூவினாள்.

பொங்கியது! கண்ணாடி ஓரமெல்லாம் குமிழி. அவள் ஓடிப்போய்ப் பேராசிரியரைக் கூட்டி வந்தாள். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், "நான் சொல்லல?" என்றார். அடுத்த மாநாட்டுக்காரர்களுக்குப் போன் போட்டுக்கொண்டே அறைக்குத் திரும்பினார்.

சாயங்காலம் அக்கா வந்தாள். "என் மாத்திரையைக் குடும்மா. கறுப்பா இருக்குன்னு நீ தூக்கிப் போட்டாலும் போட்டுடுவ. எவ்வளவு தேய்ச்சாலும் அதுல ஒட்டின பிளாட்டினம் போக மாட்டேங்குது. அதான் பிளாட்டினம் வேலைக்குன்னே தனியா வெச்சிருக்கேன்."

மாத்திரையை நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள்.

"அஞ்சு நிமிஷம் இருங்கக்கா."

புது பீக்கர், புது கரைசல். மாத்திரையை மட்டும் கழுவிப் போட்டாள். தூள் போடவில்லை. இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"என்னடி இது, தூளே போடாம இப்படிப் பொங்குது?" என்றாள் அக்கா. சொல்லி முடித்ததுமே அவளுக்கும் புரிந்துவிட்டது. "ஐயோ" என்று தோளைத் தொட்டாள்.

கட்டுரைக்காகத் தூள் போட்டுச் செய்த சோதனையெல்லாம் அவள் தூக்கி எறிந்த அந்தப் பழைய மாத்திரைகளில். ஒப்பிட்டுப் பார்க்க, தூள் போடாமல் செய்த சோதனை மட்டும் அப்போதே தனியாக வாங்கிய ஒரு புது மாத்திரையில். ஒப்பீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்று அவளே பார்த்துப் பார்த்துப் பிரித்தெடுத்துப் போட்டாள்! பொங்க வைத்தது, முன்னால் இருந்தவர்கள் மாத்திரையில் விட்டுப்போன பிளாட்டினம். அவளுடைய கரி அன்றும் சும்மாதான் கிடந்திருக்கிறது.

பேராசிரியரின் அறைக்கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"தூள் இல்லாமலே வருது சார். மாத்திரையில ஒட்டின பிளாட்டினம்தான். நம்ம தூள் ஒண்ணுமே பண்ணல."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"பக்கத்து லேப் அக்காவுக்கு. அப்புறம் எனக்கு."

"இன்னொரு தடவை பண்ணிப் பாரேன்."

"மாட்டேன் சார்." குரல் உடைந்தாலும் சத்தமாகத்தான் வந்தது. "தப்பு என்னோடதுதான். ஆனா இதுக்கு மேல ஒரு தடவைகூடப் பண்ண மாட்டேன். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறோம்னு பத்திரிகைக்கு இப்பவே எழுதிடலாம்."

"உன் பட்டம் போயிடும்மா. மூணு வருஷம்."

"தெரியும் சார்."

அவர் கம்ப்யூட்டரைத் திறந்தார். விசைப்பலகைமேல் கையை வைத்தார், எடுத்தார். திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நீயே அடிம்மா. எனக்குக் கை ஓடல."

அவள் உட்கார்ந்து அடித்தாள். கோபம் மட்டும் தீரவில்லை, யார்மேல் என்றும் தெரியவில்லை.