புதன்கிழமைக் குப்பையில் ஒரு புருஷன்

கினுயே தன் புருஷனைப் பெரிய குப்பையில் போடப்போகிறாள் என்ற செய்தியை எங்கள் சரிவுத் தெருவில் பரப்பியது நான்தான் என்கிறார்கள். அபாண்டம். மீன்கடையில் ஒரே ஒரு ஆளிடம் சொன்னேன். அந்த மீன்கடைக்காரன் வாய்க்கு நான் என்ன செய்ய முடியும்?

புருஷன் என்றால் நிஜப் புருஷன் இல்லை, பொம்மை. எங்கள் மோஜி துறைமுகத்தின் பழைய செங்கல் கட்டடங்களையெல்லாம் சீர்செய்து, சுற்றுலாக்காரர்களைக் கூப்பிட ஆரம்பித்த காலத்தில், கரையோரத்தில் ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். அதன் முதல் அறையில், அந்தக் காலத்தில் கப்பலில் வந்த வாழைப்பழத்தைக் கூவி விற்றவன் ஒருவனை நிறுத்த வேண்டும் என்று முடிவாயிற்று. முகத்துக்கும் குரலுக்கும் ஆள் தேடினார்கள். இந்த ஊரில் அப்போது இவாவோவை விட்டால் வேறு யார்? திருவிழாக்களில் மேஜையைக் குச்சியால் தட்டிக்கொண்டு அவன் கூவினால், வீட்டில் அழுகிற பழம் வைத்திருப்பவள்கூட இன்னொரு சீப்பு வாங்கிக்கொண்டு போவாள். முகத்தில் மாவைப் பூசி அச்செடுத்தார்கள். குரலைப் பதிந்தார்கள். பொம்மைக்கு முன்னால் ஒரு சிவப்புப் பொத்தான் வைத்தார்கள். அதே கையோடு அவன் பெண்சாதி கினுயேவுக்கு டிக்கெட் கொடுக்கும் இடத்தில் ஒரு வேலையும் போட்டுக்கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் பழம் பழுக்கிற பருவத்துக்குள் இவாவோ ஜலசந்தியின் எதிர்க்கரைக்குப் போய்விட்டான். ஷிமோனோசெக்கியில் மதுக்கடை வைத்திருந்த ஒருத்தியோடு. தூர தேசம் இல்லை. எங்கள் வீட்டு மாடியில் துணி காயப்போட்டால் அந்தக் கரையில் வண்டி போவது தெரியும். படகில் ஏறி உட்கார்ந்து கைக்குட்டையால் முகம் துடைப்பதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். அந்தத் தூரத்தைத் திரும்பிக் கடக்க அவனுக்கு முப்பது வருஷம் பிடித்தது.

கினுயே வேலையை விடவில்லை. விட்டால் சோற்றுக்கு என்ன செய்வாள்? கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தாள். சீஸ் போட்டுச் சுட்ட கறிச்சோற்றைத் தின்றுவிட்டு ஏப்பத்தோடு வரும் குடும்பங்கள் உள்ளே நுழைந்ததும், குழந்தைகள் ஓடிப்போய் அந்தப் பொத்தானைத்தான் அமுக்கும். உடனே ஓடிப்போன புருஷன் கூவத் தொடங்குவான்.

"வாங்கம்மா வாங்க, கடல் தாண்டி வந்த கன்னி, கப்பல்ல ஏறும்போது பச்ச, உங்க முகத்தப் பார்த்ததும் வெக்கத்துல மஞ்ச..."

மழை நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் கேட்கவே வேண்டாம். ஒருமுறை பகல் சாப்பாட்டு நேரத்தில் நான் எட்டிப்பார்த்தபோது கினுயே உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளே பொம்மை கூவிக்கொண்டிருந்தது. எங்கே அவன் மூச்சு வாங்குவானோ அங்கே இவளும் தூக்கத்தில் மூச்சு வாங்கினாள். அதையும் நான் மீன்கடையில் சொன்னேன்தான்.

போன குளிர்காலத்தில் காட்சிக்கூடத்தைப் புதுப்பிக்கப்போவதாக அறிவித்தார்கள். பொம்மைகளுக்குப் பதில் சுவர் முழுக்கத் திரை. மேலாளர் ஒகுதா நல்ல பையன். இருமிக்கொண்டே வந்து, பொம்மையைக் குடும்பத்துக்குக் கொடுப்பதுதான் முறை, உங்களுக்கு வேண்டாமென்றால் நாங்களே அப்புறப்படுத்திவிடுகிறோம் என்று கினுயேவிடம் சொன்னான். அவள் யோசிக்கவே இல்லையாம். வேண்டும் என்றாள். குரல் பெட்டியையும் சேர்த்துக் கேட்டாள்.

இதென்ன, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஆசையா என்று தெருவே பேசியது. நான் நேரிலேயே கேட்டேன். அவள் காலணியைக் கழற்றி வீங்கிய பாதத்தை அமுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஆசையா? அடப் போங்கக்கா. அவங்க தூக்கிப்போட்டா நான் பார்க்க முடியாதுல்ல. ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, நானே வெளியில வெச்சு, குப்பை வண்டி மெல்லுறத நின்னு பார்க்கணும். அன்னிக்குத்தான் எனக்கு நிம்மதியாத் தூக்கம் வரும்."

எங்கள் ஊரில் பெரிய சாமானைக் குப்பையில் போட, முன்கூட்டியே பதிந்து, காசு கொடுத்து ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். அவள் குப்பை வண்டிக்குப் பதிவும் செய்துவிட்டாள். புதன்கிழமை. அந்த மாதம் எங்கள் தெருக் குப்பை இடத்துக்குக் காவல் முறை என்னுடையது. நானாகக் கேட்டு வாங்கவில்லை, தானாக வந்தது.

காட்சிக்கூடம் மூடுவதற்கு முந்திய கடைசி ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். எனக்கு முன்னால் ஒரு கிழவர். முகமூடி, கழுத்தில் சுற்றிய கம்பளித் துண்டு. கினுயே தலை நிமிராமல் கேட்டாள்.

"அறுபத்தஞ்சு தாண்டியிருந்தா பாதிக் கட்டணம் சார். அட்டை இருக்கா?"

கிழவர் சட்டைப்பைக்குள் கைவிட்டார். பிறகு கையை வெறுமனே எடுத்துவிட்டுத் தலையாட்டினார். முழுக் கட்டணம் கட்டிவிட்டு உள்ளே போனார். அட்டையைக் காட்டினால் பேரும் தெரியுமே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. உள்ளே அவர் பொத்தானை அமுக்கினார். முடிந்ததும் மறுபடி அமுக்கினார். அதற்குப் பிறகும் அமுக்கினார். பின்னால் வரிசையில் நின்ற குழந்தை சிணுங்கியது. கிழவரின் இடது கை, தொடையில் சரியாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு ஆள் பிடிபட்டது. மரப்பெட்டிமேல் நாற்பது வயது இவாவோ. கீழே எழுபது வயது இவாவோ.

மாலையில் கூட்டம் வடிந்ததும் அவன் தடுப்பின் முன்னால் வந்து நின்றான். நான் நினைவுப் பொருள் அலமாரியில் ஒரு சாவி வளையத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வாயைத் திறந்தான். கதவிடுக்கில் காற்று நுழைவது மாதிரி ஒரு ஓசைதான் வந்தது. தொண்டையில் ஏதோ வளர்ந்து, போன வருஷம் வெட்டி எடுத்துவிட்டார்களாம். உற்றுக் கேட்டால்தான் சொல் பிடிபடும்.

"பேப்பர்ல பார்த்தேன். எல்லாத்தையும் எடுத்துடறாங்கன்னு."

"உள்ள வரும்போதே தெரிஞ்சுது நீதான்னு," என்றாள் கினுயே. கல்லாவை எண்ணுவதை அவள் நிறுத்தவில்லை.

"அந்தக் குரல எனக்குக் குடு, கினு. வேற எங்கயும் இல்ல. வீட்டுல ஒரு துண்டு டேப்புகூட இல்ல. எப்படிப் பேசினேன்னு எனக்கே மறந்துபோச்சு."

அவள் கல்லாவைப் பூட்டினாள். மூடுகிற நேரம் ஆகிவிட்டது என்றாள். அவன் போனபின் என் பக்கம் திரும்பி, அந்தச் சாவி வளையத்தை வாங்குகிறீர்களா இல்லையா என்று கேட்டாள். வாங்க வேண்டியதாகிவிட்டது.

புதன்கிழமை காலை மீன்கடைக்காரனும் அவன் மருமகனும் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். தலையில் முறுக்கிய துண்டு, ஓங்கிய குச்சி, நெஞ்சில் ஸ்டிக்கர். குப்பையைக் காக்கை கிளறாமல் மூடுகிற வலையை முறைப்படி விரித்தேன், ஆனால் தேவையே இருக்கவில்லை. பொம்மையைப் பார்த்து ஒரு காக்கைகூடக் கிட்டே வரவில்லை. வருஷம் பூராவும் இங்கேயே நிற்கட்டும் என்று நினைத்தேன். நாயை நடத்திக்கொண்டு வந்தவர்கள், பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் திறந்தவர்கள் என்று அன்றைக்கு எல்லோருக்கும் சரிவில் ஏதோ வேலை இருந்தது.

முதல் படகிலேயே இவாவோ வந்துவிட்டான். ஒரு தள்ளுவண்டியும் கயிறும் கொண்டுவந்திருந்தான். மேடேறி வந்த மூச்சிரைப்பில் கொஞ்ச நேரம் தன் தோளையே பிடித்துக்கொண்டு நின்றான். பொம்மையின் தோளைச் சொல்கிறேன். அப்புறம் கயிற்றைப் பிரித்தான்.

காவல் முறை என்னுடையது. நான் சும்மா இருக்க முடியுமா?

"இவாவோ அண்ணே, ஸ்டிக்கர் ஒட்டி வெளியில வெச்சாச்சுன்னா அது நகராட்சிச் சொத்து. யாரும் எடுக்கக் கூடாது."

அவன் என்னைப் பார்த்தான். தன்னையே எடுத்துக்கொண்டு போகக் கூடாதா என்று கேட்பது போலிருந்தது. ஆனாலும் கயிற்றைத் திரும்பச் சுருட்டினான். ஓடிப்போனவனானாலும் குப்பை விதி தெரிந்தவன்தான்.

அப்போது கினுயே வீட்டிலிருந்து இறங்கி வந்தாள். ராத்திரி பூராவும் கண் மூடாத முகம். கையில் மிட்டாய் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி, அதன்மேல் அந்தச் சிவப்புப் பொத்தான். அதன் ஓரத்திலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பெரிய குப்பை என்று ஒதுக்க முடியாத சின்னப் பெட்டிக்கு எதற்கு ஸ்டிக்கர் வாங்கினாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. குப்பை வண்டி போட்டுக்கொண்டு வரும் பாட்டு கீழ்த்தெருவில் கேட்டது. எல்லா ஜன்னலும் அந்தப் பெட்டியைத்தான் பார்த்தன.

அவள் ஸ்டிக்கரின் முனையை நகத்தால் கிளப்பினாள். அது லேசில் வரவில்லை. பாதி கிழிந்து பாதி ஒட்டிக்கொண்டது. மிச்சத்தைச் சுரண்டச் சோம்பல்பட்டவள் போல அப்படியே அவனிடம் நீட்டினாள்.

"முப்பது வருஷம் நான் கேட்டாச்சு. இனிமே நீ கேளு."

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். குனிந்தான். நெடுநேரம் குனிந்தே நின்றான். நிமிர்ந்து வாயைத் திறந்து காற்றால் ஏதோ சொன்னான். வண்டிச் சத்தத்தில் எனக்கு அது விழவில்லை. கினுயேவைப் பிறகு கேட்டேன். தனக்கும் விழவில்லை என்றாள். நம்புகிற மாதிரி இல்லை.

பொம்மையை வண்டிக்காரர்கள் தலைகீழாகப் போட்டார்கள். குச்சி முதலில் ஒடிந்தது. மெல்லுவதை நின்று பார்க்க வேண்டும் என்று அத்தனை நாள் சொன்னவள், அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். கொட்டாவிக் கண்ணீர்தான். நான் பக்கத்தில் நின்றவள், எனக்குத் தெரியாதா?

வெறும் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு அவன் படகுத்துறைப் பக்கம் இறங்கினான். வளைவில் திரும்பியதும் பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும். கன்னி, பச்ச, வெக்கம், மஞ்ச என்று சரிவு முழுக்கக் கேட்டது. மாடி ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். அவன் மூச்சு வாங்கும் இடம் வந்ததும் கினுயேவின் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. அதற்குப் பிறகு அந்தக் குரல் படகுத்துறை இரைச்சலில் போய்விட்டது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டேன். இவ்வளவு காலையில் எழுந்து வந்து நிற்கிறேனே.

"வேற என்னக்கா வேணும்? வலையோட அந்த முனையப் பிடிங்க," என்றாள். "மடிச்சு வெச்சிட்டுப் போய்ப் படுக்கணும்."