அறைக்கு நாலு பேர்

சிவகாசியில் நான் எழுதாத காகிதம் குறைவு. காலண்டரில் பொன்மொழி, பட்டாசுப் பெட்டியில் எச்சரிக்கை, கல்யாணப் பத்திரிகையில் கவிதை, சுவரொட்டியில் கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அச்சகத்தின் மூலையில் உட்கார்ந்து நான் எழுதுவதுதான். ஒரு தடவை மணமக்களுக்கு எழுதியதையும் செத்தவருக்கு எழுதியதையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வீட்டிலும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. என் எழுத்துக்கு அவ்வளவு வாசகர்கள்.

அப்பேர்ப்பட்ட என்னிடம்தான் ‘நித்திலக்கரை’ ரிசார்ட் கம்பெனியின் இருபத்தைந்து வருட வரலாறு ஆர்டராக வந்தது. எங்கள் ஊர்க் குடும்பம். காமராஜ் அண்ணாச்சி தொடங்கியது. இப்போது மகன் ஸ்ரீராம்குமாரும் மருமகள் ஹர்ஷினியும் நடத்துகிறார்கள். கடலோரத்தில் மூன்று இடம். வந்ததும் ஒரே கட்டணம், கையில் ஒரு நீலப்பட்டை. அப்புறம் சாப்பாடு, படகு, பஜ்ஜி, எதற்கும் பர்ஸைத் தொட வேண்டாம்.

பார்த்து எழுத வேண்டுமே என்று, திருச்செந்தூர்ப் பக்கம் இருந்த முதல் ரிசார்ட்டுக்கு இரண்டு நாள் அனுப்பினார்கள். உள்ளே நுழைந்ததும் ஏற்கெனவே பார்த்த இடமாகத் தெரிந்தது.

தனித்தனிக் குடில்கள், ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி. ஒவ்வொன்றிலும் எதிரெதிரே இரண்டு கதவு, இரண்டும் வெளிப்பக்கம் திறப்பவை. காலில் தட்ட வாசல்படி கிடையாது. இடையிடையே வேம்பு. கடல்காற்றுக்காக வடிவமைத்தது என்று ஹர்ஷினி தந்த குறிப்பில் இருந்தது. சிவகாசிக்காரனுக்குத் தெரியாதா? அது பட்டாசு ஆலையின் அமைப்பு. தீப்பிடித்தால் ஓடுவதற்கான கதவுகள்.

குறிப்பில் இன்னொன்றும் இருந்தது. அறைக்கு நாலு பேர். கைக்குழந்தையானாலும் ஐந்தாவது ஆளுக்கு அனுமதியில்லை. போன் போட்டுக் கேட்டேன்.

“அது மாமாவோட ரூல், சார்,” என்றார் ஹர்ஷினி. “ஒரு கட்டில் கூடப் போடலாம்னு நானும் சொல்லிப் பார்த்துட்டேன். காதுலயே வாங்கிக்க மாட்டேங்குறாங்க. நீங்க ‘தனிமைக்கு மரியாதை’ன்னு எழுதிடுங்க.”

எழுதிக்கொண்டேன். மரியாதை என்ற சொல் எங்கே போட்டாலும் பொருந்தும்.

அறைகளுக்கு மேற்பார்வையாளர் பாண்டிமீனா. நாற்பத்து நாலு வயது இருக்கும். துண்டு மாற்ற வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

“அண்ணே, கம்பெனி கதை எழுத வந்தது நீங்கதானா?”

“ஆமாம்மா. கதாநாயகி இடம் மட்டும் காலியா இருக்கு.”

“எங்கம்மாவைப் போடுங்க,” என்றாள், சிரிக்காமல்.

ஆனைக்குட்டம் பக்கம் அண்ணாச்சிக்குப் பட்டாசு ஆலை இருந்ததும், தொண்ணூற்றெட்டில் தீபாவளி சீசனில் பதினோராம் நம்பர் அறை வெடித்து நாலு பேர் செத்ததும், ஆலையை மூடிவிட்டு அவர் கடலோரம் போனதும் ஊருக்கே தெரியும். அன்றைக்கு அந்த அறையில் ஐந்து பேர் இருந்தது எனக்குத் தெரியாது. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது விதி. ஐந்தாவது ஆள், பாண்டிமீனாவின் அம்மா மூக்கம்மாள்.

“அஞ்சுன்னு தெரிஞ்சா கேசு பெருசாயிரும்னு, எங்கம்மா மட்டும் வீட்டுல ஸ்டவ் வெடிச்சுச் செத்ததா எழுதிட்டாக. எங்க வீட்டுல ஸ்டவ்வே கிடையாதுண்ணே. வெறகடுப்புதான். எனக்குப் பதினேழு வயசு. கையெழுத்துப் போடத் தெரியும், ஆனா கைநாட்டுதான் கேட்டாக. வச்சேன். இந்த வேலை குடுத்தாக. கொறை சொல்லல, சோறு போட்டிருக்காக. ஆனா எங்கம்மா அங்கன வேலை பார்த்தான்னு எந்தக் காகிதத்துலயும் இல்ல. இந்தப் புஸ்தகத்துல ஒரு ஓரமா, கம்பெனி பேர்லயே, அது வரட்டும்ணே.”

ஊர் திரும்பி, அஞ்சலிப் பக்கம் ஒன்று எழுதினேன். ஐந்து பெயர், கீழே நாலு வரிக் கவிதை. மாதிரிக்குக் கொஞ்சம் அடித்து, ஒன்றை அண்ணாச்சி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அவர் பூதக்கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் படித்தார். ஐந்தாவது பெயரில் கண்ணாடி நின்றது.

“சாப்பிட்டியாலே?”

“ஆச்சு, அண்ணாச்சி.”

பூதக்கண்ணாடியைத் துடைத்து மேசையில் வைத்தார். பிறகு, “அவளை நான்தாம்லே உள்ள போகச் சொன்னேன்,” என்றார். “மரத்தடியில உக்காந்து லேபிள் ஒட்டிக்கிட்டு இருந்தா. லோடு கெளம்பணும், ஒரு கை குடு மூக்கம்மான்னேன். மறுபேச்சுப் பேசாம எந்திரிச்சுப் போனா.”

கண் கலங்கியிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துப் பேனாவை நீட்டினேன். அவர் அதை வாங்கி, ஐந்தாவது பெயரின் மேல் கோடு இழுத்தார்.

“இப்பம் போயி அஞ்சுன்னு போட்டா, பேரன் வரைக்கும் இழுக்கும். நாலு பேரும் இருக்கட்டும். கவிதை நல்லாத்தான் இருக்கு.”

பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத மனிதர். கோடு மட்டும் நேராக இருந்தது.

நான் வாதாடியிருக்கலாம். அந்த வீட்டுக் காலண்டர் ஆர்டர் வருஷாவருஷம் எங்கள் அச்சகத்துக்குத்தான் வருகிறது. “சரிங்க அண்ணாச்சி,” என்றேன். ஊருக்கெல்லாம் பொன்மொழி எழுதுகிறவனின் சொந்தப் பொன்மொழி அது.

ரிசார்ட்டில் நடந்த வெள்ளிவிழாவன்று ஊழியர்கள் எல்லோருக்கும் புத்தகம் கொடுத்தார்கள். பாண்டிமீனா வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று அஞ்சலிப் பக்கத்தைப் பிரித்தாள். அதுவரை நாலு என்று சொன்னது எங்கோ கிடக்கிற ஒரு வழக்குக் கட்டு மட்டும்தான். இப்போது பளபளப்புத் தாளில், தங்கக் கரை போட்டு, என் கவிதையோடு நாலு என்று இருந்தது. அவள் கேட்காமலே இருந்திருந்தால் அந்தப் பக்கமே வந்திருக்காது.

விரல் வைத்து எண்ணினாள்.

“நான் அஞ்சும் போட்டுத்தான் கொண்டுபோனேம்மா.”

“போட்டிருப்பீக. மொதல்ல அடிச்ச தாளு இருக்காண்ணே?”

“இல்லம்மா. கழிவுத்தாள் லோடோட போயிருச்சு.”

எங்கே போயிருக்கும் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெடிக்குக் குழாய் சுற்றத்தான்.

“ஒண்ணே ஒண்ணு தனியா அடிச்சுத் தாரேன்.”

“வேண்டாம்ணே. அது நீங்க அடிச்சதாத்தான இருக்கும், கம்பெனி சொன்னதா ஆகாதுல்ல.”

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், இடுப்பில் ஒரு கைக்குழந்தை. பாண்டிமீனா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நீலப்பட்டைகளை எடுத்தாள். நாலு கட்டினாள். ஒரு அறை போதாது, இரண்டு எடுக்க வேண்டும் என்றாள்.

“என்னங்க இது,” என்றார் அந்த அப்பா. “பத்து மாசக் குழந்தை. மடியிலயே தூங்கிரும். இதையுமா ஆள்னு சொல்வீங்க?”

பாண்டிமீனா ஐந்தாவது பட்டையைச் சின்னதாக மடித்து, குழந்தையின் கையைப் பிடித்தாள்.

“இதும் ஒரு ஆளுதான, சார்.”