நூற்றெண்பத்தெட்டு டிகிரி

நூற்று எண்பது, எண்பத்திரண்டு, இதோ எண்பத்தைந்து... ஏறித் தொலைக்காதே, இந்த மேட்டை மட்டும் தாண்டிவிடு என்று ஸ்கூட்டரிடம் கெஞ்சுகிறேன், அது என்றைக்கு என் பேச்சைக் கேட்டது, கைப்பிடிக்கு நடுவே ஆசையாகப் பொருத்திய சூட்டு மீட்டர் நூற்றெண்பத்தெட்டு என்று கண்சிமிட்டுகிறது, ஓரங்கட்டினேன், காலையிலிருந்து இது மூன்றாவது முறை. பின்னாலிருந்து மனைவி இறங்கினாள். திட்டினாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம், சும்மா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவளிடம் என்ன பேசுவது? பத்து மணிக்கு இன்டர்வியூ, பிள்ளை பிறந்த பிறகு ஒன்பது வருடம் வீட்டிலேயே இருந்தவள், மறுபடியும் ரத்தப் பரிசோதனை லேப் வேலைக்குப் போகலாம் என்று இப்போதுதான் துணிந்திருக்கிறாள், மணி ஒன்பது நாற்பது, பஸ்ஸில் போகிறேன் என்றவளை நான்தான், முப்பத்தைந்து வருட வண்டி, உன்னை ராணி மாதிரி கொண்டுபோய் இறக்கும் என்று... ராணி! ராணி இப்போது லாரிப் புகையில் நிற்கிறாள்.

இந்த வண்டிக்கு நான் என்ன குறை வைத்தேன்? பிளக்குக்கு அடியில் சூட்டை அளக்கும் சென்சார், தினமும் இரண்டு வேளை அளவு குறித்துக்கொள்ள ஒரு நோட்டு, பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது கூட இப்படிக் குறித்ததில்லை, போன ஞாயிறு இன்ஜினை மூடியிருந்த தகரக் கூட்டையும் கழற்றிப் பரணில் போட்டேன், வெளிக்காற்று நேராகப் பட்டால் குளிராதா, ஆனால் கழற்றிய நாளிலிருந்துதானே இந்தச் சூடு... அன்றிலிருந்துதானா? மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அந்த மனுஷன் சிரித்த சிரிப்பு ரோட்டுக்கே கேட்டிருக்கும்.

"சார், உள்ள ஃபேன் அடிக்கிற காத்தை இன்ஜின் மேல கொண்டுபோறதே அந்தக் கூடுதான். அதைக் கழட்டிட்டா காத்து ஊருக்கெல்லாம் வீசும், இன்ஜினுக்கு மட்டும் வீசாது."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க சார் கேட்டீங்க?"

நன்றாக மூக்குடைபட்டது. அவள் முகத்தைப் பார்க்காமல், "பத்தே நிமிஷம், நூத்தி இருபதுக்கு இறங்கிடும்" என்றேன். "பஸ் வருதுங்க" என்றாள், கையை நீட்டி நிறுத்தினாள், ஏறிவிட்டாள். நல்லா பண்ணு என்று ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. எரிச்சலாக வந்தது, பஸ்மேலா, மெக்கானிக்மேலா, இல்லை, என்மேல்தான்.

ஒருவழியாக நூற்றுப் பதினெட்டு. போகட்டும், மெதுவாக உருட்டிக்கொண்டு நேராக லேபுக்கே போய்விடலாம், வெளியே வரும்போது வாசலில் நான் நிற்கிறதைப் பார்க்கட்டும், கொஞ்சமாவது மனம் ஆறும், உதைத்துக் கிளப்பினேன், கியரும் போட்டேன்... எந்த லேப்? வழியெல்லாம் அவள், நேரா போங்க, திரும்புற இடத்தில சொல்றேன் என்றாள், நானும் மீட்டரைப் பார்த்தபடியே நேராக வந்தேன். நேற்று இடமும் பெயரும் எல்லாம் சொன்னாள்தான், தளர்ந்துபோன சென்சார் ஒயரைப் பல்லில் கடித்துக்கொண்டு நான் 'ம்' என்றேன், அந்த 'ம்' நன்றாக ஞாபகம் இருக்கிறது, அவள் சொன்னதுதான்... போன் பண்ணிக் கேட்டால் சொல்லிவிடுவாள். ஆனால் கேட்ட மாத்திரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடுமே, நேற்று அவள் பேசிக்கொண்டிருந்தபோது அங்கே நான் இல்லை என்று?