உமையாளின் இலை

சாக்கோட்டை உடையப்பனின் நாவலுக்குச் சென்னைப் பத்திரிகைக்காரர்கள் தங்கப் பதக்கம் கொடுத்ததில் ஊருக்கே பெருமை. பதக்கத்தை வாங்கி வந்தவருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நாவலில் ஒருத்தி குழம்பில் விஷம் வைத்துப் புருஷனைக் கொன்றுவிடுகிறாள். அவன் சாப்பிட்டு எழுந்த இலையிலேயே தினமும் உட்காருகிறவள், அன்று மட்டும் தனி இலை போட்டாள். அதை வைத்தே அவளைப் பிடித்துவிடுகிறார்கள். இந்த இடத்துக்காகவே பதக்கம் கொடுக்கலாம் என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். அந்தக் கொலைகாரிக்கு நடை, பேச்சு, முந்தானையைச் சொருகுகிற விதம் எல்லாவற்றையும் மனுஷன் தன் பெண்டாட்டி உமையாளிடமிருந்து எடுத்திருந்தார். எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்ற தைரியம். படித்தவர்கள் வீட்டுப் பெண்களுக்கு வாய் இருக்கிறது என்பதை நாவலாசிரியர் மறந்துபோனார்.

பதக்கம் வந்த கொஞ்ச நாளில் உமையாள் அவர் இலையில் சாப்பிடுவதை நிறுத்தினாள். அவர் எழுந்ததும் இலையை எடுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, தனக்கு வேறு இலை போட்டுக்கொண்டாள். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அதுதான் அவருக்குப் பயத்தைக் கொடுத்தது.

ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்தால், எதை மறைக்க என்று யோசித்தார். கீரை கசந்தால் துப்பினார். அடுப்படியில் அவள் அம்மியில் அரைத்தால் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். தமக்குக் காய்ச்சல் கண்டால் கண்மூடாமல் பக்கத்தில் கிடந்தவள் என்ற நினைப்பும் வரத்தான் செய்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

ஒருநாள் மதியம் கத்தரிக்காய்க் குழம்பின் வாசம் என்னவோ போலிருந்தது.

"இன்னைக்கு நீ மொதல்ல சாப்புடு. என் எலையிலயே உக்காரு" என்றார், சிரிப்பதுபோல.

உமையாள் கரண்டியைக் கீழே வைத்தாள். பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி முழுக் கதையையும் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். தெருப் பெண்கள் மோர் கேட்டு, நெருப்புக் கேட்டு வந்து, அவள் எந்த இலையில் சாப்பிடுகிறாள் என்று பார்த்துவிட்டுப் போகிறார்களாம்.

"நான் ஆசைப்பட்டு உக்காந்த எலை அது. இனிமே உக்காந்தா, விசம் வைக்கலைன்னு ஊருக்குச் சாட்சி சொல்ற மாதிரி ஆகிப்போகும். அதுக்கு நான் உக்கார மாட்டேன். ஊரு என்னமும் நெனைச்சிட்டுப் போகட்டும், நீக நம்புவீகன்னு இருந்தேன்."

உடையப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த நிமிஷமே அள்ளிச் சாப்பிட்டிருக்கலாம். சோற்றைப் பிசைந்தார், உருண்டை பிடித்தார். கை வாய்க்குப் போகவில்லை.

உமையாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இலையைத் தன் பக்கம் இழுத்து, அவர் எதிரிலேயே கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். கை கழுவி வந்தாள்.

"இனி ஒங்க சோத்தை நீகளே ஆக்கிக்கிருங்க" என்றாள்.

பானையில் இன்னும் சோறு இருந்தது. உடையப்பனுக்கு நல்ல பசி.