பெட்டிக்குள் வேறு சிப்

கடல் எல்லையை நெருங்கும்போது அலறி எச்சரிக்க வேண்டிய படகுப் பெட்டி அன்று அலறவில்லை. பேசாலை மீனவன் றொட்னி எல்லை தாண்டி இந்தியக் காவற்படையிடம் பிடிபட்டு, பதினொரு நாள் சிறை மறியலில் இருந்துவிட்டு வந்தான். மீனவர் சங்கத்தின் மற்றப் படகுகளிலும் அதே பெட்டிதான். உள்ளே இருந்த மென்பொருளில் பிழை. "அது பழைய மொடல், திருத்த மாட்டோம், குப்பையில் போடுங்கள்" என்று விற்ற கம்பெனி எழுதிவிட்டது.

றொட்னியின் மனைவி ஜெஸ்லியா வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுபவள். "நானே எழுதிறன்" என்றாள்.

அவள் எழுதிய நிரல் மடிக்கணினியில் நன்றாக ஓடியது. பெட்டியில் ஏற்றினால் அசையவில்லை.

"ஏன், அங்க ஓடினதுதானே?" என்றான் றொட்னி.

"என்ர கணினியில ஒரு சிப், இதுக்குள்ள வேற சிப். ஒண்டுக்கு விளங்கிற கட்டளை மற்றதுக்கு விளங்காது. என்ர கணினியில இருந்துகொண்டே, அந்தச் சிப்புக்கு விளங்கிற மாதிரி நிரலைக் கட்டவேணும்."

நிரலை அந்தச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரை நிறுவிக் கட்டினாள். பெட்டி கண் விழித்து, உடனே அணைந்தது. நிரல் தேடிய துணைக் கோப்புகள் பெட்டியின் பழைய இயங்குதளத்தில் இல்லை. எல்லாவற்றையும் ஒரே கோப்பாக அடைத்து மறுபடி கட்டினாள். மூன்றாம் நாள் மத்தியானம், எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதாகப் பொய்யாக ஓர் இடத்தைக் கொடுத்துச் சோதித்தபோது, பெட்டி வீடு அதிர அலறியது. றொட்னி சிரித்தான். அவளுக்கு அழுகை வந்தது.

செய்தி அறிந்து கம்பெனி ஆள் சங்கக் கூட்டத்துக்கே வந்துவிட்டார்.

"எங்கட அனுமதி இல்லாமல் உள்ள கை வைச்சால் வழக்குப் போடுவம், மிஸ்."

சங்கத் தலைவர் செபமாலை தலையைக் குனிந்துகொண்டார். ஜெஸ்லியா எழுந்தாள்.

"குப்பையில போடச் சொன்னது நீங்கள். குப்பைக்கு இப்ப உரிமை கேட்டு வாறியளோ? பெட்டி நாங்கள் வாங்கினது. உள்ளுக்க ஓடுறது நான் எழுதினது. போடுங்கோ வழக்கு. என்ர மனிசன் மறியலில இருந்த கதையை நானே வந்து சொல்லுறன்."

செபமாலை வெளியே போனார். படகிலிருந்து கழற்றிய தன் பெட்டியோடு திரும்பி வந்து அவள் முன்னால் வைத்தார்.

"முதல்ல என்ரயில ஏத்து பிள்ளை."

அடுத்த நாள் செபமாலையும் றொட்னியும் எல்லைப் பக்கம் படகை விட்டார்கள். எல்லைக் கோட்டுக்கு ஒரு மைல் இருக்கும்போதே பெட்டி அலற, படகைத் திருப்பினார்கள்.

அந்தக் கிழமைக்குள் எல்லாப் படகுகளும் புது நிரலோடு கடலுக்குப் போயின. கம்பெனி வழக்கறிஞரின் கடிதம் ஒன்று வந்தது, வழக்கு வரவில்லை. இலுப்பைக்கடவை மீனவர்களிடமிருந்து, திருத்தித் தரச் சொல்லி, பன்னிரண்டு பெட்டிகள் வந்தன. அவற்றுக்குள் இன்னொரு வகைச் சிப். ஜெஸ்லியா அதற்கும் நிரல் கட்ட உட்கார்ந்தாள்.